பெண் இரண்டு

மனைவி சொன்ன ஜோக்கை எடுத்துக்கொண்டு வேன்காரர் தெருவில் ஓடினார். மச்சான் அதற்குள் தெருமுனையைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தான்.

"நில்லுடா மச்சான்! அக்கா பதில் சொல்லிட்டா!"

"எதுக்கு மாமா?"

"புதுச் சட்டை எப்படி இருக்குன்னு கேட்டியே, அதுக்கு."

மச்சான் அதைக் கேட்டது வீட்டுக்குள் நுழைந்ததும். அதன்பிறகு டீ குடித்து, நாட்டு நடப்பு பேசி, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டான்.

"என்ன சொன்னா?"

"சட்டை நல்லாத்தான் இருக்காம். உள்ள இருக்கிறதைத்தான் மாத்தணுமாம்."

வேன்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதில் ஜோக்கின் உயிர் பாதி வழியிலேயே போய்விட்டது. மச்சான் மரியாதைக்குச் சிரித்து வைத்தான். பேருந்து வந்தது, ஏறிக்கொண்டான். வேன்காரர் திரும்பி நடந்தார். வீட்டில் ஒருத்தி, தன் ஜோக்குக்கு எவ்வளவு சிரிப்பு கிடைத்தது என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பாள். விழுந்து விழுந்து சிரித்தான் என்று சொல்ல வேண்டும்.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தவள். அவளிடம் வாயைக் கொடுத்தவர்கள் யாரும் முழுதாகத் திரும்பியதில்லை. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை; ஒன்பதும் இடம் பார்த்து விழும். காதல் கல்யாணம் என்பதால் கணவனையும் முதல் நாளிலிருந்தே வா, போதான். குரல் இனிமையானது என்று யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் கரகரப்பு. கோபம் வந்தால் கீச்சென்று உச்சிக்குப் போகும். மாடிப்படியில் ஏறும்போதே, இன்றைக்கு எந்த நிலவரத்தில் இருக்கிறாள் என்று வேன்காரருக்குத் தெரிந்துவிடும்.

நரம்பில் வந்த நோய் முதலில் அவள் விரல்களை எடுத்துக்கொண்டது, பிறகு கால்களை. நாக்கைத் தொடுவதற்குள் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஒரு மூடிய அறையில் உட்கார்ந்து அவள் நாள் கணக்கில் வாக்கியங்களாகப் படித்தாள். படிக்கக் கொடுத்த தாள்களில் இருந்த எழுத்துப் பிழைகளையும் வாயாலேயே திருத்தினாள். அந்தக் குரலை ஒரு கம்பெனி கம்ப்யூட்டருக்குள் ஏற்றியது. திரையில் எழுத்துகள் இருக்கும். அவள் எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அதைக் கேமரா பிடித்துக்கொள்ளும். வாக்கியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அவள் குரலிலேயே பேசும். கரகரப்புகூட அப்படியே இருந்தது. முதல் நாள் அது, "என்ன முழிக்கிற, போய் உலையைப் பாரு" என்று சொன்னபோது வேன்காரர் அடுப்படிக்குப் போய் அழுதார்.

கருவியைக் கொடுத்தது குரல் உதவி வாரியம். முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு வாரியம் எல்லாக் கருவிகளுக்கும் 'மேம்பட்ட பதிப்பு' ஒன்றை அனுப்பியது. அதில் வாரியத்தின் சின்னம் பொன்னிறத்தில் சுழன்றது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் வாரியத் தலைவரின் படம் தோன்றிப் புன்னகைத்து மறைந்தது. பழைய பிராசசருக்கு அந்தப் புன்னகையைத் தாங்கும் திராணி இல்லை. ஓர் எழுத்தைப் பார்த்துவிட்டு, அது விழுகிறதா என்று காத்திருந்து, அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் எதிரில் இருப்பவர் எழுந்து போயிருப்பார்.

கம்ப்யூட்டர் கடைக்காரரை அழைத்துவந்து காட்டினார் வேன்காரர். "மதர்போர்டையும் பிராசசரையும் மாத்தினா போதும்ணே, பறக்கும். என்கிட்டயே ஒரு செட்டு சும்மா கிடக்கு. ஆனா வாரியத்தோட சீல் ஒட்டியிருக்கே. பிரிச்சா கருவியையே தூக்கிட்டுப் போயிடுவாங்க," என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தொடாமலே போய்விட்டார்.

அதனால் வேன்காரர் வாரியத்துக்குப் போனார். பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றுவதற்கு நடுவில் அவருக்கு நேரம் இருந்தது. வாரியத்துக்கு அந்த நேரத்தில் உணவு இடைவேளை இருந்தது. பேச முடியாதவர்களுக்குப் பேச்சைத் தருவதே எம் கடமை என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அமைதி காக்கவும் என்று அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு மேடம்," என்றார் கவுண்டரில் இருந்த அம்மாவிடம்.

"மெதுவா இருக்கா, நின்னுபோச்சா?"

"மெதுவாத்தான் இருக்கு."

"நின்னுபோனா அது பழுது, மூணாவது மாடி. மெதுவா இருந்தா மேம்பாடு. அதுக்குக் குழு கூடணும்."

"குழு எப்ப மேடம் கூடும்?"

"மேம்பாடு கேட்டு யாராவது வந்தா கூடும்."

"நான் வந்திருக்கேனே."

"நீங்க வந்திருக்கீங்களாங்கிறதைக் குழு கூடித்தான் முடிவு பண்ணணும்."

ஒருவழியாகக் குழு கூடியது. மேம்பாட்டுத் தகுதி நிர்ணயக் குழு என்று பெயர். நடுவில் தலைவர், படத்தில் இருந்த அதே புன்னகை. வலப்பக்கம் தொழில்நுட்ப ஆலோசகர், இடப்பக்கம் விதிகள் உறுப்பினர். ஓரத்தில் பயனாளர் பிரதிநிதி என்று ஒருவர் இருந்தார். பேச முடியாதவர்களின் சார்பில் பேசுவதற்காக நியமிக்கப்பட்டவர். அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"பிராசசரை மாத்தணும்னா மதர்போர்டையும் மாத்தியாகணும்," என்றார் ஆலோசகர். "ஒண்ணுல ஒண்ணு உட்காராது. மதர்போர்டை மாத்தினா பழைய மெமரி பொருந்தாது, அதையும் மாத்தணும். அப்புறம் பவர் சப்ளை பத்தாது."

"அப்ப என்னதான் மிச்சம்?" என்று கேட்டார் விதிகள் உறுப்பினர்.

"பெட்டி."

"பெட்டி மட்டும்தான் பழசுன்னா அது மேம்பாடா, புதுக் கருவியா? புதுக் கருவின்னா அது நம்ம குழு இல்லையே. நமக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்தை நாம இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கோம்!"

ஒரு நிமிஷம் எல்லோரும் கலங்கிப்போனார்கள். பெட்டியின் முன்பக்கம் இருக்கும் பவர் பட்டனும் மாறாது என்று ஆலோசகர் நினைவூட்டியதும் தெளிவு பிறந்தது. பெட்டியும் பட்டனும் பழையதாக இருக்கும்வரை அது மேம்பாடே என்று தீர்மானம் நிறைவேறியது. மேம்பாடு என்பது முடிவாயிற்று; இனி அது பயனுள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கு ஒரு மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் சொல்வதையெல்லாம் 'தேவையான பேச்சு', 'மற்றவை' என்று பிரிப்பது அவர் வேலை. தண்ணீர் வேண்டும் என்பது தேவையானது. திருப்பிப் படுக்க வை என்பதும் தேவையானதே.

"மேடம், சாதாரணமா என்ன பேசுவீங்களோ அதையே பேசுங்க. நான் இருக்கிறதையே மறந்துடுங்க," என்றார்.

அவள் எழுத்துகளைப் பார்க்கத் தொடங்கினாள். தலைவர் தோன்றிப் புன்னகைத்துப் போனார். மதிப்பீட்டாளர் கொட்டாவி விட்டார், சுவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் கிளம்பிப் படியிறங்கினார். அப்போதுதான் கரகரத்த குரல் எழுந்தது: "சார், சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. ரோட்டுல போகும்போது பார்த்துப் போங்க."

வேன்காரர் ஓடிப் போய்ச் சொன்னார். மதிப்பீட்டாளர் குனிந்து பார்த்து, பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, 'மற்றவை' என்று குறித்துக்கொண்டார்.

பயனாளரின் பேச்சில் பெரும்பகுதி கிண்டலே என்றும், தேவையான பேச்சுக்குத் தற்போதைய வேகம் போதும் என்றும் அவர் அறிக்கை கொடுத்தார். அதில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் வேன்காரர் சமைத்து, அவளுக்கு ஊட்டி, பாத்திரமும் கழுவிவிட்டார்.

அறிக்கையை எதிர்த்து முறையிட்டதில் நேரில் வரச் சொல்லி உத்தரவு வந்தது. வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, சக்கர நாற்காலியையும் கம்ப்யூட்டரையும் ஏற்றி, அவளைக் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியெல்லாம் அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டை விட்டு வெளியே வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

தலைவர் முதலில் ஒரு சிறிய உரை ஆற்றினார். "பேச்சுக்கு அழகு வேகம் இல்லை. என்னையே எடுத்துக்குங்க. நான் யோசிச்சு, நிதானமா, மெதுவாத்தான் பேசுவேன். பல சமயம் நான் முடிக்கும்போது ஆரம்பத்துல என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இருக்காது. அதனால இந்த வாரியம் கெட்டா போச்சு? இந்தக் குழு இதுவரைக்கும் ஒரு கோரிக்கையையும் நிராகரிச்சதில்லை. ஏன்னா ஒண்ணையும் முடிவு பண்ணினதே இல்லை. அந்த நற்பெயரைக் கெடுத்துக்கணுமான்னு யோசிக்கணும்." பிறகு அவளைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கம்மா. உங்களுக்கு வேகம் எதுக்கு?" என்று கேட்டார்.

அவள் கண்கள் திரைக்குப் போயின. தலைவர் புன்னகையோடு காத்திருந்தார். திரையிலும் அவரே வந்து புன்னகைத்தார். காத்திருந்து பார்த்த குழு, அடுத்த பொருளுக்குப் போயிற்று. அது முந்தைய தலைவரின் மறைவுக்கு இரங்கல். எல்லோரும் எழுந்து தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். மின்விசிறியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"எனக்கு என் புருஷன்கூடச் சண்டை போடணும்," என்றது கரகரத்த குரல். "இந்த வேகத்துல சமாதானம்தான் பண்ண முடியுது."

குறிப்பெடுக்க வந்திருந்த தட்டச்சுக்காரப் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு பயனாளர் பிரதிநிதி சிரித்தார். அவர் குரலை எல்லோரும் அன்றுதான் கேட்டார்கள். விதிகள் உறுப்பினர் மட்டும், மௌனம் கலைந்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும் என்றார். நின்றார்கள். நிற்கும்போதே தலைவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "என் காலத்துல ஒரு மேம்பாடாவது நடந்தாத்தான் ஆண்டறிக்கையில என் பக்கத்துல போட ஒரு படம் கிடைக்கும்," என்று சொல்லி, அங்கேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது வேன்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பின்னாலிருந்து, "பாட்டை நிறுத்து" என்று பதில் வந்தது.

ஒரு முற்பகலில் ஆலோசகர் அட்டைப் பெட்டிகளோடும் திருப்புளியோடும் வீட்டுக்கு வந்தார். சீலைப் பிரித்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"பெண் ஒன்றா, பெண் இரண்டா? எது போடட்டும்?"

"என்ன சார்?"

"குரல் சார். இந்த மேடத்தோட குரல் பழைய மதர்போர்டோட பூட்டியிருக்கு. போர்டை மாத்தினா அது திறக்காது. திறந்துவிடச் சொல்லலாம்னா அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க. அதனால வாரியத்தோட குரல்தான். பெண் இரண்டு நல்லா இருக்கும், கனிவான குரல்."

வேன்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "இதை ஏன் சார் முன்னாடியே சொல்லலை?"

"குழு கேட்கலையே. குழு கேட்டது வேகத்தைப் பத்தி."

"பழசு இருக்கட்டும் சார். அது ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம்."

"ஒருத்தருக்கு ஒரு கருவிதான். ஒருத்தருக்கு ஒரு வாய்தானே சார்?"

"அந்தப் பழைய போர்டையாவது எங்ககிட்டக் கொடுத்துட்டுப் போங்க."

"அது வாரியத்தோட சொத்து. கழிவுப் பிரிவுல ஒப்படைக்கணும்."

"அப்ப வேண்டாம்," என்றார் வேன்காரர். "மாத்தவே வேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும்."

அவள் கண்கள் எழுத்துகளுக்குப் போய்விட்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார். "இத பாரு, மெதுவா இருந்தா என்ன? நான் காத்துக்கிட்டிருக்கேன். எனக்கு என்ன அவசரம்? உன் தம்பிகிட்ட ஓடிப் போய்ச் சொல்றேன். இன்னும் வேகமா ஓடறேன். போன்ல பதிஞ்சு வச்ச உன் குரல் இருக்குதான், ஆனா அதுல நேத்திக்குச் சொன்னதைத்தானே மறுபடி கேட்கலாம்? இன்னிக்கு என்னைத் திட்டணும்னா எதுல திட்டுவே? யாரோ ஒருத்தி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதை நான் எப்படிடி கேட்டுக்கிட்டிருப்பேன்?"

அவள் ஒன்று சொல்வதற்குள் அவரால் பத்துச் சொல்ல முடிந்தது. சொல்லச் சொல்ல அவர் பக்கத்து நியாயம் வளர்ந்துகொண்டே போனது. மறுத்துப் பேச அந்த அறையில் யாரும் இல்லை. சண்டையில் அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல்முறை. அது உறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தலைவர் வந்து புன்னகைத்தார். போனார்.

"குரல் உனக்கு," என்றாள் அவள், தன் குரலில். "பேச்சு எனக்கு."

வேன்காரர் அவள் கையை மடியிலிருந்து எடுத்து மெத்தையில் வைத்தார். பிறகு, "மாத்துங்க சார்," என்றார். "அதுக்கு முன்னாடி இவ இதுல கடைசியா ஒண்ணு சொல்லிடட்டும்."

"தாராளமா. மதிய சாப்பாட்டுக்குள்ள நான் ஆபீஸ் போகணும், அவ்வளவுதான்."

அவள் கண்கள் மறுபடி எழுத்துகளுக்குள் இறங்கின. இந்த முறை யோசித்து யோசித்துப் போயின. ஒரு எழுத்தில் நின்றன. அது விழும்வரை அசையவில்லை. நடுவில் ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பின. அவர் போனை எடுத்துப் பதிவுக்குத் தயாராகப் பிடித்துக்கொண்டார். திரையில் 'நீ' என்று விழுந்தது. அதற்குமேல் ஒரு வட்டம் வந்து சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது.

"ஹேங் ஆயிடுச்சு," என்றார் ஆலோசகர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. பக்கத்தில்தான் இருந்தார். கையை நீட்டிப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார்.

திரை கறுத்தது.

"சார்!" என்றார் வேன்காரர். அதற்குள் ஆலோசகர் மின்கம்பியை உருவிவிட்டார். "திரும்பப் போட்டா முதல்லேர்ந்துதான் சார் வரணும். அது எங்க வரும்? அவ்வளவு நேரம் இல்லை," என்று சொல்லி, தேர்ந்த கைகளால் பழைய போர்டைக் கழற்றி எடுத்து, ஒரு பையில் போட்டு, சீல் வைத்தார்.

மேம்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. இதை மறைப்பதற்கில்லை. அவள் பார்ப்பதற்குள் எழுத்து விழுந்தது. எழுத்து விழுவதற்குள் குரல் எழுந்தது. தலைவரின் புன்னகை வந்து போவதே கண்ணுக்குத் தெரியவில்லை. பெண் இரண்டு இனிமையான, சீரான, எப்போதும் கனிவு குன்றாத குரல். "காலை வணக்கம்" என்பதையும் "கால் மரத்துப்போச்சு" என்பதையும் ஒரே கனிவோடு சொல்லும். "உனக்கு அறிவிருக்கா? குழம்புல உப்புப் போட்டியா, உப்புல குழம்பு போட்டியா?" என்று அது தேன் ஒழுகக் கேட்டபோது வேன்காரர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். பிறகு பதிலுக்குக் கத்தினார். அவளும் விடவில்லை. அன்று இருவரும் ஆசை தீரச் சண்டை போட்டார்கள். மச்சான் வந்தால் இப்போது வாசற்படியிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டான். "அக்கா பழையபடி ஆயிட்டா மாமா," என்று கண் கலங்கச் சொன்னான்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடாது, அவ்வளவுதான். அதனால் அவள் பேசும்போதெல்லாம் வேன்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகினார். மாடிப்படி ஏறும்போது மட்டும் இன்றைக்கு அவள் எந்த நிலவரத்தில் இருக்கிறாள் என்று தெரியாமல், கதவுக்கு வெளியே கொஞ்சம் தயங்கி நிற்பார்.

ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்கத் தலைவரே வீட்டுக்கு வந்தார். ஆலோசகரும் புகைப்படக்காரரும் கூட வந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் நின்று தலைவர் பேசினார்: வாரியத்தின் தோற்றம், வளர்ச்சி, தான் பொறுப்பேற்ற சூழ்நிலை, அப்போது தனக்கிருந்த ஜலதோஷம். "இன்னிக்கு இந்த அம்மாவுக்கு நாம ஒரு குரலைக் கொடுத்திருக்கோம். இதுக்கு முன்னாடி இவங்களுக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். வேன்காரர் தரையைப் பார்த்தார். "இப்ப அம்மா ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுவாங்க."

"சொல்றேன்," என்றாள் அவள், அந்த நொடியே. "தலைவர் எப்ப முடிப்பாருன்னு காத்திருந்ததுல எனக்கு என் பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துடுச்சு."

புகைப்படக்காரர் கேமராவுக்குப் பின்னால் குலுங்கினார். தலைவரோ, குரல் அவ்வளவு கனிவாக இருந்ததால் பாராட்டு என்றே நினைத்து, தலையசைத்து ஏற்றுக்கொண்டார். அந்தப் புன்னகைதான் படத்தில் விழுந்தது.

கிளம்பும்போது ஆலோசகர் வேன்காரரைத் தனியே அழைத்தார். "ஒண்ணே ஒண்ணு சார். மேம்பாடு பயனுள்ளதா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, குறிச்சுக்கணும்."

வேன்காரர் அறைக்குள் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில், ஜோக் போய்ச் சரியான இடத்தில் விழுந்ததைப் பார்த்தவளின் களை இருந்தது.

"பயனுள்ளதுதான் சார்," என்றார். அது உண்மை.

வண்டி புறப்பட்டுப் போன சத்தம் அடங்கியது. வேன்காரர் நாற்காலிகளை எடுத்து ஓரமாகப் போட்டார். அவளுடைய தலையணையைச் சரிசெய்தார். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததை, அவள் முகம் பார்க்காமல், போர்வையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு அந்த ஆளு ஆஃப் பண்ணினப்ப, 'நீ'ன்னு ஆரம்பிச்சியே. என்ன சொல்ல வந்..."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"அதை இந்தக் குரல்ல சொல்ல மாட்டேன்," என்றாள் பெண் இரண்டு, மிகுந்த கனிவோடு.